மூன்று அங்குலம்

நகராட்சி கொடுத்த அளவு நாடாவில்
முதல் மூன்று அங்குலம் இல்லை.
எனக்கு முன்பிருந்தவர் காலத்திலேயே
ஏதோ ஜன்னல் கம்பியில் மாட்டி அறுந்ததாம்.
புதியது கேட்டு எழுதினேன்.
'நிதிநிலை சீரானதும்' என்று பதில் வந்தது.
அதனால் ஒவ்வொரு சுவரிலும்
வருகிற கணக்கில் மூன்றைக் கழிக்கிறேன்.

சொத்துவரிச் சீராய்வு. பதினான்காம் வார்டு.
குன்னூரில் மழைக்கும் மூடுபனிக்கும் நடுவே
ஒரு மணி நேரம் வெளுக்கும்.
அதற்குள் முடித்தால் உண்டு.

மேல்வளைவில் 'சில்வர் ஓக் வில்லா'.
மூவாயிரத்து நானூறு சதுர அடி,
பள்ளத்தாக்கின் மேல் கால்நீட்டி உட்கார்ந்த பால்கனி.
உரிமையாளர் பெங்களூரு.
ஏப்ரல் முதல் வாரமே இணையத்தில் கட்டிவிடுவார்,
ஐந்து சதவீத ஊக்கத்தொகையை விடமாட்டார்.
ஜார்க்கண்டிலிருந்து வந்த காவலாளி சோம்ரா
விரலை மடக்கிச் சொன்னான்:
"மே மாசம், பதினொரு நாள்."
மற்ற நாளெல்லாம் ஆறு கட்டில்களும்
வெள்ளைத்துணி போர்த்திப் படுத்திருக்கின்றன.
அவன் படுப்பது ஜெனரேட்டர் அறையில்.
அதையும் அளந்தேன்.
மூன்றைக் கழிக்க ஏனோ மறந்துவிட்டது.

போஜராஜன், கேரட்டில் விட்டதை
மாடியில் மூன்று அறையாக எழுப்பியிருந்தார்.
"சொந்தக்காரங்க வந்தா தங்க."
ஒவ்வொரு கதவுக்கும் ஓர் எண்.
ஒவ்வொரு கட்டிலிலும் மடித்த துவாலை,
அதன்மேல் விரற்கடை சோப்பு.
பெரிய சொந்தம்தான்.
வணிகப் பயன்பாடு என்றெழுதினால் மூன்று மடங்கு.
டீ கொடுத்தார். குடித்தேன்.
எழுதினேன்.
கிளம்பும்போது தூறியது,
குடை இருந்த மூலையை அவர் பார்க்கவே இல்லை.

தார் முடிந்து, படி முடிந்து,
வெறும் மண் தொடங்குகிற ஓடையோரம்
மரியபுஷ்பம் வழிமறித்தாள்.
"எங்களுக்கும் வரி போடுங்க சார்."

பத்தொன்பது வருட சர்வீசில்
யாரும் என்னிடம் கேட்காத ஒன்று.

"புறம்போக்கும்மா. ரிஜிஸ்டர்ல இல்ல."
"போன மழையில மண்ணு சரிஞ்சு
வீடு போச்சுன்னு சொன்னேன்.
எந்த வீடுன்னு கேட்டாங்க சார்.
ரசீது காட்டுன்னாங்க."

வாடகைக்குப் போகலாமே என்று
வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.
ஒற்றை அறை ஒன்பதாயிரம், அட்வான்ஸ் ஒரு லட்சம்,
சீசனுக்குக் காலி செய்துவிட வேண்டும்.
கட்டுப்படியாகாமல்தான் போன வருடம்
நானே மேட்டுப்பாளையத்துக்கு இறங்கினேன்.
பதினான்கு கொண்டையூசி ஏறி வந்து
ஊரார் வீட்டை அளந்து
பதினான்கும் இறங்கிப் போகிறேன்.

நான் சரியென்று சொல்லும் முன்பே
நாடாவின் அறுந்த முனையை
அவள் பிடித்துக்கொண்டாள்.
ஒரு பக்கம் தகரம். மறுபக்கம் ஃப்ளெக்ஸ் பேனர்:
'மலைமுகட்டில் உங்கள் கனவு இல்லம்,
சில மனைகளே மீதம்' – தலைகீழாக.
பதினோரு அடி. ஒன்பதே கால்.
உள்ளே ஏழு பேர்.
"நல்லா இழுத்துப் பிடிங்க, ஓரடி கூடவே வரட்டும்."
கூடினால் வரியும் கூடும் என்றேன்.
"கூடட்டுமே," என்று சிரித்தாள்.

இங்கேயும் கழிக்கவில்லை.
மறந்து அல்ல.

படிவத்தில் அவளுக்குக் கட்டம் கிடையாது.
ஓரத்தில், பென்சிலில் எழுதினேன்,
பெயர், நீளம், அகலம்.
ஆணையர் மேசையில் அழிப்பான் இருக்கிறது,
தெரியும்.

ஐந்தே முக்கால் பஸ்.
ஓட்டல் மாஸ்டர், பிளம்பர், நர்சரிப் பள்ளி டீச்சர்,
மேலே வேலையும் கீழே பாயுமாக
எல்லாரும் பர்லியார் வருமுன் தூங்கிவிடுகிறார்கள்.
பின்கண்ணாடியில் மலை ஏறிப் போகிறது.
விளக்கெரியாத வீடுகளை எண்ணத் தொடங்கி
பதினேழில் ஒரு வளைவு மறைத்தது.

மடியில் நாடா.
சேலை முந்தியில் ஈரம் துடைத்து
இறுக்கமாகச் சுருட்டிக் கொடுத்திருந்தாள்,
தன் பொருளைப் போல.